தண்ணீர் விற்ற காசில் வாங்கிய விளையாட்டு

1985 ஜனவரி முதல் தேதி பாரிஸ் நகரத்தின் தண்ணீர் விநியோகம் இரண்டு தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. சேன் நதியின் இடது கரை ஒருவருக்கு, வலது கரை இன்னொருவருக்கு. வலது கரையைப் பெற்றது ‘ஜெனெரால் தெஸோ’ என்ற பழைய தண்ணீர்க் கம்பனி. 1853இல் மூன்றாம் நெப்போலியனின் ஆணையால் தொடங்கப்பட்டது அது. தமிழர்கள் கூடும் லாச்சப்பல் பகுதி இருப்பது வலது கரையில். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்து, வடக்கு ரயில் நிலையத்தின் பின்புறத் தெருக்களைச் சுற்றிக் கூடத் தொடங்கியிருந்த தமிழர்கள் சோறு வடித்தது அந்தக் கம்பனி குழாயில் அனுப்பிய தண்ணீரில்தான். மாணிக்க விநாயகர் ஆலயம் தொடங்கியதும் அதே 1985இல்.

இதற்கும் மைக்ரோசாஃப்ட்டின் கன்சோலான எக்ஸ்பாக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறையவே உண்டு. 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற கேம் கம்பனியை வாங்கி முடித்தது. 2022இல் அறிவித்த விலை 6,870 கோடி டாலர். வீடியோ கேம் வணிகத்தில் ஒரு கன்சோல் கம்பனி அதற்கு முன் இவ்வளவு பெரிய தொகை கொடுத்ததில்லை. அப்படி வாங்கப்பட்ட நிறுவனத்தின் கடந்த காலத்தைப் புரட்டினால் நட்ட நடுவில் நிற்பது பாரிஸின் அந்தத் தண்ணீர்க் கம்பனி. ‘சோனி அடுத்து யாரை வாங்கும், மைக்ரோசாஃப்ட் யாரை வளைத்துப்போடும்’ என்று ஆரூடம் சொல்கிறவர்கள் விற்பனைப் பட்டியலைப் பார்க்கிறார்கள். விற்கிறவரின் வீட்டு நிலவரத்தைப் பார்ப்பதில்லை. பிரான்சின் நாற்பது ஆண்டு கதையைப் பார்த்தால், பேரம் பெரும்பாலும் படிந்தது விற்கிறவரின் நெருக்கடியால்தான்.

1996இல் ஜெனெரால் தெஸோவின் தலைமைக்கு வந்தவர் ழான் மரி மெஸ்ஸியே. முதலீட்டு வங்கியில் வேலை பார்த்தவர். மாதா மாதம் நிற்காமல் வரும் தண்ணீர்ப் பணத்தை வைத்துக்கொண்டு அவர் ஊடக சாம்ராஜ்யம் கட்டப் புறப்பட்டார். 1998இல் கம்பனியின் பெயர் ‘விவாந்தி’ ஆனது. பதிப்பகமும் விளம்பரமும் கொண்ட ஹவாஸ் நிறுவனம் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு சரக்கு மலிவாக வெளியே வந்தது. செண்டன்ட் என்ற நிறுவனத்தில் கணக்கு மோசடி வெளிப்பட்டு அதன் பங்கு விலை சரிந்திருந்தது. அது அவசரமாகக் கழற்றிவிட்ட மென்பொருள் பிரிவை ஹவாஸ் வாங்கியது. அந்த மூட்டைக்குள் கலிஃபோர்னியாவின் இர்வைன் நகரில் இயங்கிய பிளிசார்டும் இருந்தது. வார்கிராஃப்ட், டியாப்லோ, ஸ்டார்கிராஃப்ட் ஆகியவற்றைச் செய்தவர்கள்.

மெஸ்ஸியே நீடிக்கவில்லை. கடன் கழுத்தை நெரித்தபோது, 2002 ஜூலையில் பதவியை இழந்தார். தண்ணீர்ப் பிரிவு தனியாகப் பிரிந்து, 2003இல் வெயோலியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. லாச்சப்பலின் குழாய் ஒரு பக்கமும் பிளிசார்ட் மறு பக்கமுமாகப் பிரிந்தது அப்போதுதான். கடனை அடைக்க விவாந்தி எத்தனையோ சொத்துகளை விற்றது. கேம் பிரிவோ கையில் தங்கியது. அந்தக் காத்திருப்புக்குக் கிடைத்த பரிசு 2004 நவம்பரில் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’.

அந்த விளையாட்டு பணம் பண்ணிய விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பொதுவாக ஒரு கேமை வாங்கினால் கடைக்காரருக்கு ஒரு முறை காசு கொடுத்தோம், முடிந்தது. இதிலோ பெட்டியை வாங்கிய பிறகும் மாதச் சந்தா கட்ட வேண்டும். ஐரோப்பாவில் மாதம் 12.99 யூரோ. கட்டாவிட்டால் உள்ளே போக முடியாது. ஆண்டுக்கணக்கில் வளர்த்த பாத்திரமும் சேர்த்த வாளும் கவசமும் அங்கேயே கிடக்கும். வீட்டுக்கு வரும் தண்ணீர்ப் பில்லைப் போன்ற ஏற்பாடு இது. 2010 அக்டோபரில் சந்தாதாரர் எண்ணிக்கை 1 கோடியே 20 லட்சத்தைத் தொட்டது. பிளிசார்டின் ஐரோப்பிய அலுவலகம் முதலில் பாரிஸை அடுத்த வெலிஸியிலும் பிறகு வெர்சாயிலும் இருந்தது. அந்த வெர்சாய் அலுவலகத்தை மூடும் முடிவு 2020இல் அறிவிக்கப்பட்டது.

2008 ஜூலையில் விவாந்தி தன் கேம் பிரிவை ஆக்டிவிஷனோடு இணைத்து, புதிய நிறுவனத்தில் பெரும்பான்மைப் பங்கை வைத்துக்கொண்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து மறுபடியும் பணம் தேவைப்பட்டது. 2013இல் ஏறத்தாழ 820 கோடி டாலருக்குப் பெரும்பங்கை விற்றது. வாங்கியவர்களில் ஆக்டிவிஷன் பிளிசார்டே முதன்மையானது. மிச்சத்தை 2016 ஜனவரிக்குள் தீர்த்தது. பத்து ஆண்டுகள் பொறுத்திருந்தால் மைக்ரோசாஃப்ட் கொடுத்த விலை கிடைத்திருக்கும் என்று இன்று கணக்குப் போடுவது சுலபம். அன்றைக்குக் கடன்காரர் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு அது சுலபமாக இருந்திருக்காது.

வேடிக்கை என்னவென்றால், ஒரு கேம் கம்பனியை விற்று முடிக்கும் முன்பே விவாந்தி இன்னொன்றுக்கு ஆசைப்பட்டது. இந்த முறை இலக்கு பாரிஸை ஒட்டியே இருந்தது. லாச்சப்பலில் மேம்பாலத்தில் ஓடும் இரண்டாம் எண் மெட்ரோவில் ஏறி, நாசியோனில் இறங்கி, ஒன்பதாம் எண்ணுக்கு மாறினால் நான்காவது நிறுத்தம் ரோபெஸ்பியேர். அங்கே மோந்த்ரேய் நகரில்தான் யுபிசாஃப்ட் நெடுங்காலம் தலைமையகம் வைத்திருந்தது.

யுபிசாஃப்ட் 1986இல் கில்லெமோ குடும்பத்தின் ஐந்து சகோதரர்கள் தொடங்கியது. பிரெத்தான் பகுதியில் கரந்துவார் என்ற சிற்றூரில் விவசாயிகளுக்குத் தேவையானவற்றை விற்றுவந்த குடும்பம். தபால் மூலம் கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்று, பிறகு தாங்களே வெளியிடத் தொடங்கினார்கள். 1995இல் மிஷேல் ஆன்செல் உருவாக்கிய ‘ரேமேன்’ அவர்களை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. 2007இல் ‘அசாசின்ஸ் கிரீட்’ வந்தது. பணம் வர வர, வாங்க வருகிறவர்களும் வந்தார்கள். 2004 டிசம்பரில் அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கிட்டத்தட்ட 20 சதவீதப் பங்கை வாங்கியது. அந்தப் பங்கு அதற்கு முன் நெதர்லாந்தின் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஜான் தெ மோலின் நிறுவனத்திடம் இருந்தது. சகோதரர்கள் அசையவில்லை. 2010இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் விற்றுவிட்டுப் போனது.

2015 அக்டோபரில் தொடங்கியது இரண்டாவது முற்றுகை. இப்போது விவாந்தியை நடத்தியவர் வான்சான் பொல்லோரே. சிகரெட் சுருட்டும் காகிதத்துக்குப் பேர்போன இன்னொரு பிரெத்தான் குடும்பத்தின் வாரிசு. 2016இல் அவர் முதலில் கேம்லாஃப்ட்டைப் பறித்தார். ஐவரில் ஒருவரான மிஷேல் கில்லெமோ தொடங்கிய கைபேசி விளையாட்டு நிறுவனம் அது. யுபிசாஃப்ட்டில் விவாந்தியின் பங்கு 27 சதவீதத்தைத் தாண்டியது. பிரெஞ்சுச் சட்டப்படி 30 சதவீதத்தைக் கடந்தால் மற்ற எல்லாப் பங்குதாரர்களுக்கும் விலை சொல்லியாக வேண்டும். அந்தக் கோட்டுக்கு ஒரு முழம் தள்ளியே பொல்லோரே நின்றார். கில்லெமோக்கள் கடன் வாங்கித் தங்கள் பங்கைக் கூட்டினார்கள், நண்பர்களைத் தேடி அலைந்தார்கள். 2018 மார்ச்சில் ஓர் ஏற்பாடு முடிந்தது. விவாந்தி தன் முழுப் பங்கையும் 200 கோடி யூரோவுக்கு விற்று விலகியது. போட்ட முதல் 79 கோடியே 40 லட்சம்தான். தோற்றவர் 120 கோடி லாபத்தோடு வீட்டுக்குப் போன சண்டை இது.

வாங்கியவர்களில் ஒருவர் சீனாவின் டென்சென்ட். அப்போது 5 சதவீதம். 2022 செப்டம்பரில் சகோதரர்களின் குடும்ப நிறுவனத்துக்குள்ளேயே 30 கோடி யூரோ போட்டு நுழைந்தது. 2024 செப்டம்பரில் யுபிசாஃப்ட்டின் பங்கு 10 யூரோ அளவுக்கு விழுந்தது. 2018இல் விவாந்தி விற்ற விலை 66 யூரோ. 2025 மார்ச்சில் அசாசின்ஸ் கிரீட், ஃபார் க்ரை, ரெயின்போ சிக்ஸ் மூன்றையும் தனி நிறுவனமாகப் பிரித்து, அதில் சுமார் கால் பங்கை 116 கோடி யூரோவுக்கு டென்சென்டுக்குக் கொடுப்பதாக அறிவித்தார்கள். வீட்டை விற்காமல் முன்னறையை மட்டும் கொடுத்தாயிற்று.

லியோன் நகரத்தின் இன்ஃபோகிராம்ஸ் கதை வேறு மாதிரி. 1983இல் புரூனோ பொன்னெல் தன் கூட்டாளியோடு தொடங்கியது. தொண்ணூறுகளின் கடைசியில் ஓஷன், கிரெம்லின், ஜிடி இன்டராக்டிவ் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கியது. 2001இல் ஹாஸ்ப்ரோவின் கேம் பிரிவோடு ‘அட்டாரி’ என்ற பெயரும் கைக்கு வந்தது. ஒரு காலத்தில் வீடுதோறும் கன்சோல் விற்ற பெயர். கன்சோல் கம்பனி பதிப்பகத்தை வாங்குவதுதான் ஊர் வழக்கம். இங்கே பதிப்பகம் கன்சோலின் பெயரை வாங்கிச் சூடிக்கொண்டது. கடன் மட்டும் பெயர் மாற்றத்தைக் கவனிக்கவில்லை. 2013 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரினார்கள். அதன் பொற்காலத்தில் இந்தியாவுக்கும் ஒரு துண்டு வேலை வந்தது. பெங்களூரின் துருவா இன்டராக்டிவுக்கு வெளிநாட்டிலிருந்து கிடைத்த முதல் பெரிய வேலைகளில் ஒன்று இன்ஃபோகிராம்ஸ் கொடுத்தது. அந்தத் துருவாவும் பிறகு 2017இல் சுவீடனுக்கும் 2019இல் அமெரிக்காவின் ராக்ஸ்டாருக்கும் கைமாறியது.

இத்தனை கதையிலும் கன்சோல் கம்பனிகள் எங்கே என்று கேட்டால், கடைசிப் பந்தியில்தான். லியோனின் ஆர்கேன் ஸ்டூடியோவை 2010இல் வாங்கியது ஸெனிமேக்ஸ். 2021இல் மைக்ரோசாஃப்ட் ஸெனிமேக்ஸை 750 கோடி டாலருக்கு வாங்கியபோது ஆர்கேனும் சேர்ந்து வந்தது. பாரிஸின் குவாண்டிக் ட்ரீம் ‘ஹெவி ரெய்ன்’ தொடங்கி மூன்று பெரிய விளையாட்டுகளை சோனிக்காகவே செய்தது. ஆனால் 2022இல் அதை வாங்கியது சோனி அல்ல, சீனாவின் நெட்ஈஸ்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆக்டிவிஷன் பேரத்தைப் பிரிட்டனின் போட்டி ஆணையம் 2023 ஏப்ரலில் தடுத்தது. இணையம் வழியே கேம் விளையாடும் சந்தையை ஒருவரே பிடித்துக்கொள்வார் என்று அது அஞ்சியது. தடையைத் தாண்ட மைக்ரோசாஃப்ட் ஒரு வழி கண்டது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே, ஆக்டிவிஷனின் கையிலிருக்கும் விளையாட்டுகளுக்கும் அடுத்த 15 ஆண்டுகளில் அது வெளியிடுபவற்றுக்கும் உரிய இணைய ஒளிபரப்பு உரிமையை வேறொருவருக்கு விற்றது. அந்த வேறொருவர் யுபிசாஃப்ட். பாரிஸ் தண்ணீர்க் கம்பனி ஒருகாலத்தில் வைத்திருந்த சொத்தின் ஒரு கிளை, அதே கம்பனி விழுங்க முயன்று தோற்ற நிறுவனத்திடமே வந்து சேர்ந்தது.

அப்படியென்றால் அடுத்தது யார்? 2025 செப்டம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸை 5,500 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தவர்கள் சவூதி அரேபியாவின் முதலீட்டு நிதியமும் அதன் கூட்டாளிகளும். அவர்கள் யாரும் கன்சோல் செய்கிறவர்கள் அல்ல. மைக்ரோசாஃப்ட் வாங்கியதைச் செரிக்க முடியாமல் 2024 ஜனவரியில் 1,900 பேரை வேலையை விட்டு அனுப்பியது. நின்டெண்டோ ஏற்கெனவே தன்னோடு வேலை செய்யும் சிறிய ஸ்டூடியோக்களைத் தவிர வேறெதையும் பெரும்பாலும் தொடுவதில்லை. மிஞ்சுவது சோனி. ‘எல்டன் ரிங்’ செய்த ஃப்ரம்சாஃப்ட்வேரின் தாய் நிறுவனம் கடோகாவா. அதில் சோனி 2025 ஜனவரியில் சுமார் 10 சதவீதம் பெற்று முதன்மைப் பங்குதாரர் ஆனது. பந்தயம் கட்டச் சொன்னால் அங்கேதான் கட்ட வேண்டும். யுபிசாஃப்ட்டை எந்தக் கன்சோல் கம்பனியும் முழுசாக வாங்காது. அதன் நல்ல அறைகளில் டென்சென்ட் ஏற்கெனவே குடிவந்துவிட்டது. 

லாச்சப்பலின் தண்ணீரோ 2010 ஜனவரி முதல் மறுபடியும் பாரிஸ் நகராட்சியின் கையில் இருக்கிறது.