கூட்டத்துக்கும் ஒரு மைக்

அந்தியூர் குருநாதசாமி ஆடித் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: திறந்தவெளியில் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பாது, காத்தோடு போயிடும். அதனால்தான் மைதானக் கச்சேரியைப் பதிவு செய்பவர்கள் கூட்டத்தை நோக்கியும் தனி மைக் வைப்பார்கள்.

1975-இல் லண்டனில் தொடங்கிய ராக் குழு அயர்ன் மெய்டன். பாடகர் புரூஸ் டிக்கின்சனே விமானம் ஓட்டிவந்த உலகப் பயணத்தின் முதல் கச்சேரி, 1-2-2008 அன்று மும்பை பாந்த்ரா-குர்லா மைதானத்தில் நடந்தது. 2009-இல் வெளிவந்த 'ஃபிளைட் 666' இசைத்தட்டில், சர்ச்சில் பேச்சை அடுத்து வரும் முதல் பாட்டு 'ஏசஸ் ஹை' அங்கே பதிவானதுதான்.

அன்னைக்குக் கத்தினவங்க பேர் தட்டில் இல்லை, குரல் இருக்கு. நம் சந்திப்பிலும் மேடைக்கு ஒரு மைக் வைத்தால், நமக்கும் ஒன்று வைப்போமே!