கறையானும் கருத்தாவும்: தரங்கம்பாடி முதல் மியூனிக் வரை ஒரு வினாவின் வரலாறு

உயிர்களையெல்லாம் படைத்தவன் ஒருவன் உளன் எனில், அவன் கொசுவையும் பேனையும் கறையானையும் எதற்காகப் படைத்தான்? சிறுவரும் கேட்கும் வினா இது. சமயவாணர் விடை சொல்லித் தீராத வினாவும் இதுவே. தத்துவ நூல்களின் வழிநின்று இதனை ஆராய்ந்தோர் பலர். இக்கட்டுரை அவ்வழிச் செல்லாமல் கறையான் என்னும் ஓருயிரை மட்டும் பின்தொடர முற்படுகிறது. தமிழரின் ஏடுகளைத் தின்ற அவ்வுயிர் செர்மானிய அறிவுலகிலும் நீண்டதொரு வரலாறு உடையது. அவ்விரு வரலாறுகளும் 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் சந்தித்தன. செர்மானிய வரலாறு பின்னர், இக்கட்டுரையாளர் வாழும் மியூனிக் நகரில், எவரும் எதிர்பாராத ஒரு திருப்பத்தை அடைந்தது.

செர்மானிய நிலப்பகுதிகளில் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதி இவ்வினாவுக்கு விடைகூறும் நூல்கள் மலிந்த காலமாகும். தீமை மலிந்த உலகில் இறைவனின் நீதியை எங்ஙனம் நிலைநாட்டுவது என்பதை ஆராய்ந்த லைப்னிட்சின் 'தியோடிசி' 1710இல் வெளிவந்தது. பூச்சிகளையே சான்றாகக் கொண்டு வாதிட்டவர் நோர்ட்ஹவுசன் நகரப் போதகர் ஃபிரீட்ரிக் கிறிஸ்டியன் லெஸ்ஸர். அவருடைய 'இன்செக்டோ தியோலோகியா' 1738இல் அச்சேறியது. பூச்சியின் நுண்ணிய உறுப்பமைப்பு படைத்தவனின் பேரறிவைக் காட்டுகிறது. தீங்கு செய்யும் பூச்சியும் பிற உயிர்க்கு உணவாகவும், மனிதனுக்கு மருந்தாகவும், அவன் செருக்கை அடக்கும் கோலாகவும் பயன்படுகிறது என்பது அவர் கட்சி. பத்தாண்டுகளுக்குப் பின்னர் ராட்லெஃப் என்பார் வெட்டுக்கிளிக்கெனவே தனியோர் இறையியல் நூல் எழுதினார். இவற்றைப் படித்து நகைப்பது இன்று எளிது. ஆயினும் பேனின் காலையும் உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் பொறுமையுடன் நோக்கத் தூண்டியது இந்த நம்பிக்கையே என்பதை நாம் மறத்தலாகாது.

இத்தகைய நூல்களைப் படித்த தலைமுறையின் காலத்திலேயே லின்னேயசின் மாணவரான யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் டேனிய-ஹாலே சமயப் பணியின் மருத்துவராகத் தரங்கம்பாடி வந்தார். கறையானைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1779இல் பெர்லின் இயற்கை ஆய்வாளர் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. ஆப்பிரிக்கக் கறையானைப் பற்றி ஸ்மீத்மன் இலண்டனில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரைக்கு அது ஈராண்டு முற்பட்டது. ஸ்மீத்மனே அதனை எடுத்தாள்கிறார்.

கோனிக் கண்டவை சுவையானவை. புற்றினுள் வளரும் காளானை அவர் கவனித்தார். ஈசல் பிடிக்கும் முறையையும் விரிவாக விளக்கினார். புற்றில் இரு துளைகள் இடுவர். காற்று வரும் பக்கத்துத் துளையில் நாற்றமெடுக்கும் பொருள்களை எரித்துப் புகைமூட்டுவர். எதிர்ப்பக்கத்துத் துளையில், மணமுள்ள ஓர் இலையை உள்ளே தேய்த்த பானையின் வாயைப் பொருத்துவர். புகைக்கு அஞ்சிய ஈசல் பானையில் வந்து விழும். அதனை மாவுடன் சேர்த்துப் பண்டமாக்கி ஏழைகளுக்கு மலிவாக விற்பர். பானையில் தேய்த்த அந்த இலையை அவர் 'பெர்கேரா' என்கிறார். நம் கறிவேப்பிலைக்கு லின்னேயஸ் இட்ட பெயர் அது. முழுப்பெயரான 'பெர்கேரா கோனிகி' என்பதில் கோனிக்கே இருக்கிறார். தமிழர் சமையலில் நாள்தோறும் அவர் பெயர் தாளிக்கப்படுவதை அறிந்தோர் சிலரே.

அழிக்கும் உயிரென ஐரோப்பியர் அஞ்சிய ஒன்றைத் தரங்கம்பாடிப் பகுதியின் ஏழைகள் பருவ உணவாகக் கொண்டிருந்தனர். இது கோனிக் காலத்துப் புதுவழக்கமும் அன்று. பாரியின் நாட்டு வளத்தைக் கூறும் புறநானூற்று 119ஆம் பாட்டில் கபிலர் புற்றீசலைப் புளிப்புடன் ஆக்கிய உணவாகக் குறிக்கிறார். 'தீங்குயிர்' என்பது ஓர் உயிரின் இயல்பா, அதனை எதிர்கொள்வோரின் நிலையா என்னும் ஐயம் கோனிக்கின் கட்டுரையிலிருந்தே எழுகிறது. அவர் அதனை எழுப்பவில்லை.

தமிழ் மரபு இவ்வினாவை எங்ஙனம் எதிர்கொண்டது? தொல்காப்பிய மரபியல் சிதலையும் எறும்பையும் மூவறிவுயிர்களின் வரிசையில் வைக்கிறது. நன்மை தீமை பற்றி அங்குப் பேச்சில்லை. சைவ சித்தாந்தத்தில் இறைவன் உயிரைப் படைப்பவன் அல்லன். பதி, பசு, பாசம் மூன்றும் தொடக்கமற்றவை. வினைக்கேற்ப உடலைக் கூட்டுவதே அவன் செயல். ஆகவே கறையானும் நம்மைப் போன்றதொரு பசு. நமக்காகப் படைக்கப்பட்டதன்று, நமக்கு எதிராகப் படைக்கப்பட்டதுமன்று. லெஸ்ஸரின் வினா இங்கு அதே வடிவில் எழ இடமில்லை. படைத்தவனைக் குற்றம் சாட்டும் குரல் தமிழில் இல்லாமற் போய்விடவுமில்லை. ஒரு மனையில் சாப்பறையும் மறுமனையில் மணமுழவும் ஒலிக்க வைத்தவனைப் பண்பற்றவன் எனப் புறநானூறு (194) சாடுகிறது. இரந்துதான் உயிர்வாழ வேண்டுமெனில் உலகைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்கிறது குறள் (1062). வழக்கின் பொருள் பூச்சியன்று, சாவும் பசியும்.

ஆனால் கறையானை நேரே இறைவனின் கையில் வைத்த கதையொன்றும் நம்மிடம் உண்டு. உமாபதி சிவாச்சாரியார் இயற்றியதாகக் கொள்ளப்படும் திருமுறை கண்ட புராணம் அதனைச் சொல்கிறது. தில்லையில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபோது தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கிப் பார்க்க, பெரும்பகுதி அழிந்திருந்தது. மன்னன் வருந்தினான். இக்காலத்துக்கு வேண்டுவனவற்றை மட்டும் வைத்து எஞ்சியவற்றை மண்மூடச் செய்தோம் என்று வானொலி எழுந்தது. மூவர் பாடியவை ஓரிலட்சத்து மூவாயிரம் பதிகங்கள் என்பது மரபு. இன்று கிடைப்பன எண்ணூறுக்குச் சற்றே குறைவு.

இக்கதையில் கறையான் இறைவனின் பதிப்பாசிரியராகிறது. லெஸ்ஸர் கண்ட 'பயனை' விடவும் இது துணிவான விடை. பக்தியின் நோக்கில் இதன் ஆறுதலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் ஏட்டியலில் சிறிது பழகியவன் என்ற முறையில் இவ்விடையின் விலையையும் சொல்லியாக வேண்டும். பூட்டிய அறையைப் பல தலைமுறைகளாகத் திறவாதோர் யார் என்ற கேள்வியை வானொலி அடக்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் என் பாட்டனாரின் ஏட்டுப்பெட்டியில் வேப்பிலையும் வசம்பும் எப்போதும் கிடக்கும். ஆண்டுதோறும் சரசுவதி பூசைக்கு ஏடுகளை எடுத்துத் துடைத்து எண்ணெய் பூசுவார். அவர் கறையானின் இறையியலை அறியார், அதன் பழக்கத்தை அறிவார். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை, எடுத்தால் ஒடியும் ஏடுகளைக் கண்டு கலங்கினார். உ. வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்றபோது, கோயிலின் பழைய ஏடுகள் முறைப்படி நெருப்பில் இடப்பட்ட செய்தியே அவருக்குக் கிடைத்தது. அந்த ஏடுகளைத் தின்றது கறையானன்று. 1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாண நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததற்கும் எந்த வானொலியும் விடை சொல்லவியலாது.

இனிச் செர்மானிய வரலாற்றின் பிற்பகுதிக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் முடிவில் படைத்தவன் விலங்கியலிலிருந்து விடைபெற்றுவிட்டான். 'பயனுள்ளது', 'தீங்கானது' என்ற பாகுபாடு மட்டும் தங்கிவிட்டது. இதற்குச் சிறந்த சான்று கார்ல் எஷெரிக். அவர் 1910இல் இலங்கைக்குச் சென்று கறையான்களை ஆராய்ந்து, 'இலங்கையில் கறையான் வாழ்வு' என்னும் நூலை 1911இல் ஜேனாவில் வெளியிட்டார். 1913இல் செர்மானியப் பயன்முறைப் பூச்சியியல் கழகத்தை நிறுவினார். 1914 முதல் மியூனிக்கில் பேராசிரியர். 1933 முதல் 1935 வரை பல்கலைக்கழக ரெக்டர். அப்பதவியில் அவர் ஆற்றிய உரை 'கறையான் பித்து' என்னும் தலைப்பில் 1934இல் அச்சாயிற்று. அரசியல் மனிதனை உருவாக்கும் கல்வியைப் பற்றிய அவ்வுரைக்குக் கறையான் புற்றே உவமை. தமிழர் பால் வார்த்து வணங்கிய புற்று மியூனிக் மேடையில் அரசியல் பாடமாயிற்று.

இரண்டு செர்மானியச் சொற்களை இங்கு நோக்குதல் வேண்டும். 'உங்கெட்சீஃபர்' என்பது தீயபூச்சிகளைக் குறிக்கும் பழஞ்சொல். பலிக்கு ஆகாத விலங்கு என்பது அதன் வேர்ப்பொருள். வழிபாட்டிலிருந்து விலக்கப்பட்டது என்ற அளவே அதில் உண்டு. 'ஷேட்லிங்' என்பதோ 'தீங்கு' என்னும் சொல்லடியாகப் பிறந்தது. தீங்கே அவ்வுயிரின் பெயராகிவிட்டது. ஈழத்து வேளாண் வழக்கில் இவற்றுக்கு ஈடாக நாம் வழங்கும் 'பீடை' வேறுவகைச் சொல். கோளால் வருவதும் பீடை, நோயால் வருவதும் பீடை. துன்பம் உறுவோரின் பக்கம் நின்று பேசும் சொல் அது. பூச்சியின் இயல்பைப் பற்றி அது தீர்ப்புக் கூறுவதில்லை. நாட்சிகள் மேற்கூறிய இரு செர்மானியச் சொற்களையும் மனிதர்மீது ஏவினர். பூச்சிகொல்லியாகப் பயன்பட்ட சைக்ளோன்-பி அவுஷ்விட்சில் எதற்குப் பயன்பட்டது என்பதை யாவரும் அறிவர்.

அதே மியூனிக்கில் 1940இல் மற்றொரு நூல் வெளிவந்தது. தேனீயின் நடனத்தை ஆராய்ந்து பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கார்ல் ஃபொன் ஃபிரிஷ் எழுதிய 'பத்துச் சிறு வீட்டுத் தோழர்கள்' அது. ஈ, கொசு, தெள்ளு, மூட்டைப்பூச்சி, பேன் முதலியவற்றைப் பற்றிப் பொதுமக்களுக்காக எழுதப்பட்டது. தலைப்பிலேயே அவற்றைத் 'தோழர்' என அழைத்ததில் நகைச்சுவை மட்டுமே உண்டெனக் கொள்ள என் மனம் ஒப்பவில்லை. தாய்வழிப் பாட்டி யூத மரபினர் என்பதால் 1941இல் ஃபிரிஷ் 'கலப்பினத்தார்' என வகைப்படுத்தப்பட்டுப் பதவி நீக்கத்தை எதிர்நோக்கினார். அவரைக் காத்தது ஓர் ஒட்டுண்ணி. நொசீமா என்னும் அவ்வொட்டுண்ணி தேன்கூடுகளைப் பெருமளவில் அழித்துக்கொண்டிருந்தது. அதனை ஆராய அவர் தேவைப்பட்டார். 1942இல் பதவி நீக்கம் போர் முடியும்வரை ஒத்திவைக்கப்பட்டது. லெஸ்ஸர் இருந்திருப்பின் நொசீமாவின் பயன்களில் இதனையும் சேர்த்திருப்பார்.

அப்படிச் சேர்ப்பதற்கு முன் அவர் ஒரு நாளேட்டுக் குறிப்பையும் பார்க்க வேண்டியிருந்திருக்கும். 1941 நவம்பர் 20 அன்று மியூனிக்கின் யூத மக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேரை ஏற்றிய தொடர்வண்டி லித்துவேனியாவின் கவுனாஸ் நகருக்குப் புறப்பட்டது. ஐந்து நாள்களுக்குப் பின் அங்கு அவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர்.