காய்ந்த செடியும் கறுப்பு வெள்ளையும்

ஒளிப்படக் கலை தன் தொடக்கக் காலத்திலேயே செடிகளை நாடியது. இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1834இல் தொடங்கிய சோதனைகளில், உப்பும் வெள்ளி நைட்ரேட்டும் பூசிய தாளின் மேல் இலைகளைப் பரப்பி, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தார். வெயில் பட்ட இடம் கறுத்தது. இலை மறைத்த இடம் வெளுப்பாக நின்றது. 1843இல் ஆனா அட்கின்ஸ் உலர்த்திய கடற்பாசிகளை இதே போலத் தாளில் வைத்துப் படமெடுத்து நூலாக வெளியிடத் தொடங்கினார். அவர் கையாண்ட சயனோடைப் முறையில் படங்கள் நீலமாக வந்தன.

உலர்ந்த செடி அன்றைய கருவிகளுக்கு எல்லா வகையிலும் ஒத்துவந்தது. ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் ஒளி தேவைப்பட்ட காலம் அது. பச்சைச் செடி அதற்குள் துவளும், காற்றில் அசையும். நீர் வற்றிய தண்டு வைத்தது வைத்தபடி நிற்கும். சிவப்பொளியை உணராத பழைய தகடுகளில் அதன் பழுப்பு நிறம், கண்ணுக்குத் தெரிவதைவிட அழுத்தமான கறுப்பாக விழுந்தது. இலையும் பூவும் உதிர்ந்துவிட்டால் தண்டும் கணுவும் விதைக்கூடும் மட்டுமே மிஞ்சும். நிறத்தைக் காட்ட முடியாத கலைக்கு, நிறத்தை இழந்து வடிவமாக மட்டும் நிற்கும் செடியைவிடப் பொருத்தமான கருப்பொருள் கிடைப்பது அரிது.

இதை முழுமையாக உணர்ந்தவர் ஜெர்மனியின் கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட். ஹார்ட்ஸ் மலைப் பகுதியில் 1865இல் பிறந்தவர். இளமையில் மெக்டெஷ்ப்ரூங் என்ற ஊரின் இரும்பு வார்ப்பாலையில் சிற்ப வேலை பழகியவர். அங்கே வாயிற்கதவுகளுக்கும் வேலிகளுக்கும் இலை, கொடி வடிவங்களை வார்த்தார்கள். பின்னர் மோரிட்ஸ் மோய்ரர் என்ற ஆசிரியருக்கு உதவியாளராக இத்தாலியில் செடிகளைச் சேகரித்தார். 1890களின் இறுதியிலிருந்து பெர்லினில் கலைத்தொழில் பள்ளியில் மாணவர்களுக்குச் செடிகளைப் பார்த்து உருவம் வடிக்கக் கற்றுக்கொடுத்தார். ஒளிப்படம் அவருக்குப் பாடக் கருவி. கண்காட்சி நினைப்பே இல்லாமல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தப் படங்களை எடுத்துக்கொண்டிருந்தார் என்பது அவர்மேல் தனி மதிப்பைத் தோற்றுவிக்கிறது.

அவருடைய செடிகள் பூக்கடையில் வாங்கியவை அல்ல. சாலையோரத்திலும் ரயில் பாதைச் சரிவுகளிலும் தரிசு நிலத்திலும் பறித்த களைகள்தான் பெரும்பாலானவை. தேவையற்ற இலைகளைக் கத்தரித்து, வெள்ளை அல்லது சாம்பல் நிற அட்டையின் முன் நிறுத்தி, பரவலான பகலொளியில், தானே அமைத்த மரப்பெட்டிக் கேமராவால் பல மடங்கு பெருக்கிப் பதிவு செய்தார். பூசணியின் பற்றுக்கம்பி அந்தப் படத்தில் கொல்லன் முறுக்கிய இரும்புச் சுருள் போலத் தோன்றும். சில்ஃபியம் செடியின் உலர்ந்த இலை, ஓரம் மடங்கி, நரம்பு புடைத்து, அடித்து வளைத்த உலோகத் தகடாகவே நிற்கிறது. பச்சையாக இருந்தபோது அந்த மடிப்பு இலையில் இல்லை. நீர் வற்றும்போது திசுக்கள் சுருங்கி இழுத்ததால் வந்தது. உலர்தலையும் ஒரு வளர்ச்சியைப் போல உற்றுப் பார்த்ததுதான் அவருடைய பெருமை.

1926இல் கார்ல் நீரன்டார்ஃப் தன் பெர்லின் கலைக்கூடத்தில் இந்தப் படங்களைக் காட்சிக்கு வைத்தார். 1928இல் 120 படங்களுடன் ‘உர்ஃபோர்மன் டெர் குன்ஸ்ட்’ (கலையின் மூல வடிவங்கள்) என்ற நூல் வந்தது. விமர்சகர் வால்டர் பெஞ்சமின் அதை வரவேற்று எழுதினார். அறுபது வயதைத் தாண்டிய ஆசிரியர் திடீரென்று நவீனக் கலைஞராக அறியப்பட்டார். இரண்டாம் நூல் வெளியான 1932ஆம் ஆண்டிலேயே அவர் இறந்தார்.

ப்ளாஸ்ஃபெல்ட் செடியை அறைக்குள் கொண்டுவந்தார். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹாரி கலஹன் அதை நின்ற இடத்திலேயே பிடித்தார். கிரைஸ்லர் கார் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே 1938இல் ஒளிப்படம் எடுக்கத் தொடங்கியவர் அவர். 1941இல், மலைக்காட்சிப் படங்களுக்குப் பேர்போன ஆன்சல் ஆடம்ஸ் நடத்திய பயிலரங்கில் தெளிவான, துல்லியமான அச்சின் அருமையைக் கண்டார். ஆனால் ஆடம்ஸின் பெருமலைகளை அவர் தேடிப் போகவில்லை. 1943இல் வெண்பனியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த காய்ந்த களைகளை எடுத்தார்.

வெண்பனி எவரும் மாட்டாத வெள்ளைத் திரை. பின்புலத்தின் மண்ணையும் சருகையும் அது மூடிவிடுகிறது. ஒளிமானி சொல்வதை அப்படியே நம்பினால் பனி சாம்பல் நிறமாகிவிடும். கூடுதல் ஒளி கொடுத்தால்தான் வெளுக்கும். கலஹன் இன்னும் ஒரு படி போனார். பனியின் மேடு பள்ளங்களே மறையும்படி அச்சிட்டார். தாளின் வெண்மையில் சில மெல்லிய கறுப்புக் கோடுகள் மட்டும் எஞ்சின. குளிர்காலம் செய்த கழித்தலை இருட்டறையில் அவர் முடித்துவைத்தார் என்றே சொல்ல வேண்டும்.

1946இல் கலைஞர் மொஹோலி நாகி கலஹனைச் சிகாகோவின் வடிவமைப்புக் கல்விக்கூடத்துக்கு ஆசிரியராக அழைத்துக்கொண்டார். கலஹனின் ஆவணங்கள் இன்று அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஒளிப்பட மையத்திலும், ப்ளாஸ்ஃபெல்ட்டின் படங்கள் பெர்லின் கலைப் பல்கலைக்கழகத்திலும் பாதுகாக்கப்படுகின்றன.