கூட வாக்கு எடுத்தும் தோற்பது எப்படி?

"சேர், ஹிலாரிக்குத்தானே கூட வாக்கு? பிறகு எப்படித் தோத்தா?" வகுப்பில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி. எங்கள் நாட்டுக் கணக்கையே எடுத்துக் காட்டினோம். பெரியவர்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறோம்.

2016இல் ஹிலாரி கிளின்டன் டிரம்பை விட ஏறக்குறைய 28 இலட்சம் வாக்குகள் கூடுதலாக எடுத்தார். ஆனால் அங்கே ஜனாதிபதியைத் தெரிவு செய்வது 538 தேர்வாளர்கள். 270 பேர் வேண்டும். அநேக மாநிலங்களில் ஒரு வாக்கால் வென்றாலும் அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் முழுப்பேரும் வென்றவருக்கே. கலிபோர்னியாவில் குவிந்த மிச்ச வாக்கு வேறு மாநிலத்தில் செல்லாது.

இதே விளையாட்டு இலங்கையிலும் நடந்தது. 1970 பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி சுதந்திரக் கட்சியை விட ஐம்பதாயிரத்துக்கும் மேல் கூடுதல் வாக்குப் பெற்றது. கிடைத்த ஆசனமோ 17! சுதந்திரக் கட்சிக்கு 91. (சுதந்திரக் கட்சி இடதுசாரிகளுடன் கூட்டுச் சேர்ந்து குறைந்த தொகுதிகளில்தான் போட்டியிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) 1977இல் நிலைமை தலைகீழ். சுமார் 30 சதவீத வாக்கெடுத்த சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனம். 7 சதவீதம்கூட எடுக்காத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. வடக்கு கிழக்கில் வாக்கு ஒரே இடத்தில் திரண்டிருந்ததுதான் காரணம். அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

1978 யாப்பு விகிதாசாரத்தைக் கொண்டு வந்தது. நல்ல மாற்றம்தான், ஆனால் புத்தளம் தொகுதிக்கென்று இருந்த உறுப்பினர் இல்லாமல் போனார். சபாநாயகராக இருந்த எச். எஸ். இஸ்மாயில், நிதியமைச்சராக உயர்ந்த நெய்னா மரிக்கார் எல்லாரும் அந்தத் தொகுதியால் பாராளுமன்றம் போனவர்கள். மாவட்டம் முழுவதும் ஒரே பட்டியலானதும், நம் வாக்கு பெரிய கட்சிகளின் ஆசனத்தைக் கூட்டியது; விருப்பு வாக்கோ நம் வேட்பாளர்களுக்கிடையே பிரிந்து போனது. 2015இல் மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஒன்றுகூட நமக்கு வரவில்லை.

2020இல் தராசுச் சின்னத்தில் தனிப்பட்டியல் போட்டோம். கணக்கு இதுதான்: முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு மேலதிக ஆசனம் போக மிச்சம் ஏழு. ஐந்து சதவீதம் எடுக்காதவர்களின் வாக்கைக் கழித்து ஏழால் பிரித்தால், ஓர் ஆசனத்தின் விலை ஏறக்குறைய 51,000. தராசுக்கு விழுந்தது 55,981.

கல்பிட்டியிலிருந்து புத்தளம் நகர் வரை எல்லாப் பெட்டியையும் கூட்டிய பிறகும் அந்த விலைக்கு மேலே நின்றது சுமார் 5,000 வாக்குத்தான். அன்று வாக்குப் போடப் போகாதவர்கள் எத்தனை பேர் என்று அந்தப் பிள்ளை கேட்டது. தன் வீட்டிலிருந்தே எண்ணத் தொடங்கச் சொன்னோம்.