ஆடாதவனின் விலை

2012 ஜனவரி 1. கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு அந்த சீசனின் கடைசி லீக் ஆட்டம். பிளே-ஆஃபில் முதலிடம் ஏற்கெனவே உறுதியாகிவிட்டதால் ஆரன் ராட்ஜர்ஸை உட்காரவைத்துவிட்டு மாற்று ஆளை இறக்கினார்கள். பெயர் மேட் ஃப்ளின். நான்கு வருடமாக அணியில் இருந்தவர். அதுவரை ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் தொடங்கியிருந்தார். அன்றைக்கு டெட்ராய்ட் லயன்ஸுக்கு எதிராக 480 யார்டுகள், 6 டச்டவுன் பாஸ்கள். அன்றைய தேதியில் இரண்டுமே அந்த அணியின் சாதனைகள். பார்ட் ஸ்டாரும் பிரெட் ஃபார்வும் ஆடிய அணியில்! 45-41 என்று பேக்கர்ஸ் ஜெயித்தது.

மார்ச் மாதம் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. சியாட்டில் சீஹாக்ஸ் அவரை 3 வருடத்துக்கு எடுத்துக்கொண்டது. தொகை 1 கோடியே 95 லட்சம் டாலர், அதில் 1 கோடி உத்தரவாதம். வாழ்க்கையில் மொத்தம் இரண்டே ஆட்டம் தொடங்கியவருக்கு இந்தப் பணம். அடுத்த மாதமே டிராஃப்டில் 75ஆவது ஆளாக ரஸ்ஸல் வில்சன் என்ற பையனை அதே அணி எடுத்தது. சீசன் தொடங்குவதற்குள் ஃப்ளினின் இடம் வில்சனுக்குப் போய்விட்டது. அந்த வருடம் சியாட்டிலுக்காக ஓர் ஆட்டத்தைக்கூட ஃப்ளின் தொடங்கவில்லை. 2013இல் அவரை ஓக்லண்டுக்குத் தள்ளிவிட்டார்கள்.

இந்தக் கதையை முதன்முதலில் வாசித்தபோது என் மண்டையில் ஒரே ஒரு கேள்விதான் ஓடியது. சியாட்டில் அந்தப் பணத்தைக் கொடுத்து எதை வாங்கியது? ஃப்ளினையா, அந்த ஒரு மதியத்தையா?

*

அமெரிக்க ஃபுட்பால் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இது நம்ம கால்பந்து இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்து, எறிந்து, ஓடி ஆடுவது. தாக்கும் பக்கத்தில் ஏறக்குறைய எல்லா நகர்வும் குவார்ட்டர்பேக் என்ற ஒரே ஆளின் கையிலிருந்துதான் தொடங்கும். அவர் கெட்டால் ஆட்டமே கெட்டது. அவரை அடித்து வீழ்த்துவதுதான் எதிரணியின் வேலையும். ஆகவே இன்னொருவரைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அவர்தான் பேக்கப் குவார்ட்டர்பேக்.

மற்ற இடங்களில் மாற்று ஆட்டக்காரர்கள் நடுநடுவே இறங்கி மூச்சு வாங்க உதவுவார்கள். இங்கே அப்படி இல்லை. முதல் ஆள் நன்றாக இருக்கும்வரை இரண்டாம் ஆளுக்கு வேலையே இல்லை. வாரம் முழுக்கப் பயிற்சியில் எதிரணி குவார்ட்டர்பேக்காக நடிக்கணும், வீடியோ பார்க்கணும், ஞாயிற்றுக்கிழமை தொப்பி போட்டுக்கொண்டு ஓரமாக நிற்கணும். அப்படி நிற்பவருக்கு எப்படி விலை போடுவது? ஆடினால்தானே தெரியும்?

ரொம்ப காலத்துக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. ஏனென்றால் சந்தையே இல்லை.

1963லிருந்து அமலில் இருந்த ‘ரோசெல் விதி’ப்படி, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் வேறு அணிக்குப் போனால் புதிய அணி பழைய அணிக்கு ஈடு கொடுக்க வேண்டும். ஈடு எவ்வளவு என்பதை லீக் தலைவர் பீட் ரோசெல் தீர்மானிப்பார். எவ்வளவு கேட்பாரோ என்ற பயத்திலேயே யாரும் யாரையும் எடுக்க மாட்டார்கள். ஜான் மேக்கி என்ற ஆட்டக்காரரின் பெயரில் நடந்த வழக்கில் 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. ஆனால் அடுத்த வருடமே வந்த புதிய ஒப்பந்தத்தில் ஈடு வேறு உருவத்தில் திரும்பி வந்துவிட்டது. பூட்டு மாறியது, கதவு திறக்கவில்லை.

அந்தக் காலத்தின் பெரிய பேக்கப் எர்ல் மோரல். 1968இல் பால்டிமோர் கோல்ட்ஸில் ஜானி யுனைடஸ் காயப்பட்டபோது இறங்கி, லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதையே வாங்கியவர். 1972இல் 38 வயதில் அவரை அணி கழற்றிவிட்டது. பழைய பயிற்சியாளர் டான் ஷூலா அப்போது மயாமி டால்ஃபின்ஸில் இருந்தார், அவர் எடுத்துக்கொண்டார். கட்டணம் 100 டாலர். ஆமாம், நூறே நூறு. விடுவிக்கப்பட்டவரை எடுத்துக்கொள்ள லீக்குக்குக் கட்டும் நடைமுறைத் தொகை அது. ஐந்தாவது ஆட்டத்தில் பாப் கிரீஸியின் கால் முறிந்தது. மீதி லீக் ஆட்டங்கள் எல்லாவற்றையும் மோரல் ஜெயித்துக் கொடுத்தார். கிரீஸி குணமாகித் திரும்பி சூப்பர் பௌலைத் தொடங்கினார். 17 ஆட்டம், 17 வெற்றி. ஒரு சீசனை முழுக்கத் தோற்காமல் முடித்த சூப்பர் பௌல் சாம்பியன் இன்றுவரை அந்த ஓர் அணிதான்.

*

கதவைத் திறந்தது 1992இல் மினியாபொலிஸில் நடந்த வழக்கு. அதற்கு மூன்று வருடம் முன்பு லீக் ‘பிளான் பி’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. ஒவ்வோர் அணியும் 37 பேரைக் கட்டி வைத்துக்கொள்ளலாம். மிச்சப் பேர் எங்கே வேண்டுமானாலும் போகலாம். தேவையானவர்களுக்குச் சுதந்திரம் கிடையாது, தேவையில்லாதவர்களுக்கு உண்டு. ஃப்ரீமன் மெக்நீல் உள்ளிட்ட எட்டு ஆட்டக்காரர்கள் போட்ட வழக்கில் ஜூரி இது சட்ட விரோதம் என்றது. 1993இல் உண்மையான ஃப்ரீ ஏஜென்சி வந்தது. ஒப்பந்தம் முடிந்தவர் யாரோடும் பேரம் பேசலாம். பதிலுக்கு 1994இல் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது: 3 கோடியே 46 லட்சம் டாலர்.

இந்தப் புதுச் சந்தையில் பேக்கப் குவார்ட்டர்பேக்கின் விலையைக் காட்டிய முதல் பெரிய பேரம் ஸ்காட் மிட்சலுடையது என்பேன். 1993 அக்டோபரில் மயாமியின் டான் மரினோவுக்குக் குதிகால் நரம்பு அறுந்தது. மிட்சல் இறங்கி ஏழு ஆட்டங்களைத் தொடங்கினார். மார்ச் வந்ததும் டெட்ராய்ட் அவருக்கு 3 வருடத்துக்கு 1 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்தது. முதல் வருடம் சொதப்பல். ஆனால் 1995இல் 4,338 யார்டுகள், 32 டச்டவுன்கள் எறிந்தார். ஆக, பந்தயம் முழுக்கத் தோற்றது என்றும் சொல்ல முடியாது. அதுதான் வினையே. ஒரு தடவை பாதியாவது பலித்த சூதாட்டத்தை யாரும் விடுவதில்லை.

அணிகள் ஏன் இப்படிச் செய்கின்றன என்பது ரொம்பச் சுலபமான கணக்கு. லீக்கில் 32 அணிகள் இருக்கின்றன. நல்ல குவார்ட்டர்பேக் என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஆட்கள் அதில் பாதிகூட இருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களைச் சொந்த அணி வெளியே விடாது. எனவே மார்ச் மாதச் சந்தைக்கு வருபவர்கள் இரண்டே வகை: ஆடித் தோற்றவர்கள், ஆடாதவர்கள். தோற்றவனின் குறைகள் எல்லாருக்கும் தெரியும். ஆடாதவனிடம் குறை தெரியாது. அந்தத் தெரியாமைக்குத்தான் விலை.

2016இல் அந்த விலை உச்சத்துக்குப் போனது. டென்வரில் பெய்டன் மேனிங் காயப்பட்டிருந்தபோது ஏழு ஆட்டம் தொடங்கி ஐந்தில் ஜெயித்தவர் பிராக் ஆஸ்வைலர். ஹூஸ்டன் அவருக்கு 4 வருடத்துக்கு 7 கோடியே 20 லட்சம் டாலர் எழுதியது. 3 கோடியே 70 லட்சம் உத்தரவாதம். ஒரே வருடத்தில் கசந்துவிட்டது. கழற்றிவிட முடியாமல் ஹூஸ்டன் என்ன செய்தது தெரியுமா? அவரை கிளீவ்லேண்டிடம் கொடுத்து, கூடவே 2018 டிராஃப்டின் இரண்டாம் சுற்று வாய்ப்பையும் கொடுத்தது. அதாவது, ‘இந்த ஆளின் சம்பளத்தை நீங்க கட்டுங்க, அதுக்கு இதை வெச்சுக்கோங்க’ என்றது. கிளீவ்லேண்ட் ஆஸ்வைலரை ஆடவிடாமலே அனுப்பிவிட்டது. கையில் வந்த வாய்ப்பில் நிக் சப் என்ற அருமையான ஓட்டக்காரரை எடுத்தது. ஒரு மனிதரே இன்னோர் ஒப்பந்தத்தின் சுமைக்கூலியாக மாறியது இங்கேதான்.

*

இதற்கு நேர் எதிரான இன்னொரு கணக்கும் உண்டு. அது நம்பிக்கைக்குக் கொடுக்கும் விலை அல்ல, பயத்துக்குக் கட்டும் பிரீமியம்.

சேஸ் டேனியல் டிராஃப்டில் யாரும் எடுக்காத ஆள். 2009இல் லீக்குக்குள் வந்தார். டிரூ பிரீஸுக்குப் பின்னால், அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் என்று அணி அணியாக நின்றார். பத்து வருடத்துக்கும் மேல் நீண்ட அந்த வாழ்க்கையில் அவர் தொடங்கிய ஆட்டங்கள் மொத்தம் ஐந்து. சம்பாதித்தது 4 கோடி டாலருக்கும் மேல். இதை வைத்து அமெரிக்க ரசிகர்கள் நிறைய கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் பங்கெடுக்கத் தோன்றவில்லை. தீயணைப்பு வண்டி பத்து வருடமாக ஷெட்டில் நிற்கிறது என்று யாராவது சிரிப்பார்களா?

வண்டி இல்லாத ஊரின் கதையும் இருக்கிறது. 2010இல் 10-6 என்று முடித்த இண்டியானபொலிஸ் கோல்ட்ஸ், 2011இல் மேனிங் கழுத்து அறுவைச் சிகிச்சையால் முழு சீசனும் ஆட முடியாமல் போனபோது 2-14 என்று சரிந்தது. பயிற்சியாளர் வேலை போனது. மேனிங்கையும் மார்ச்சில் விடுவித்தார்கள். எதிர்ப்பக்கம், 2017 டிசம்பரில் கார்சன் வென்ட்ஸின் முழங்கால் போனபோது பிலடெல்பியாவிடம் நிக் ஃபோல்ஸ் இருந்தார். சூப்பர் பௌலில் 373 யார்டுகள், 3 டச்டவுன் எறிந்து, ஒன்றைத் தானே பிடித்து, கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அதே ஃபோல்ஸுக்கு 2019இல் ஜாக்ஸன்வில் 8 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. முதல் ஆட்டத்திலேயே காறை எலும்பு முறிந்தது. பிலடெல்பியாவில் காப்பீடாக இருந்தவரை ஜாக்ஸன்வில் புதையல் என்று வாங்கியது. ஆள் ஒருவர்தான், வாங்குகிறவரின் பதற்றம் வேறு.

*

இதுவரை சொன்னதெல்லாம் பணத்தின் கதை. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: காத்திருப்பதற்குக் காசு வாங்கும் உரிமை யாருக்குக் கிடைத்தது?

அந்தத் தோல்வியே காணாத 1972 மயாமி அணியில் மார்லின் பிரிஸ்கோ என்றொருவரும் இருந்தார். 1968இல் டென்வரில், நவீன காலத்தில் ஓர் ஆட்டத்தைத் தொடங்கிய முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் அவர். அந்த முதல் வருடத்திலேயே 14 டச்டவுன் பாஸ்கள் எறிந்தார். அடுத்த வருடம் அவருக்கு அந்த இடம் இல்லை என்றாகிவிட்டது. பஃபலோவுக்குப் போய், பந்தைப் பிடிக்கும் ஆளாக மாறினார். மயாமிக்கும் அப்படித்தான் வந்தார். கிரீஸியின் கால் முறிந்த அன்று, 38 வயது மோரல் இறங்கியபோது, 27 வயது பிரிஸ்கோ அதே அணியில்தான் இருந்தார். மோரலைக் குறை சொல்லவில்லை. அவர் தன் வேலையைச் செய்தார். பிரிஸ்கோவுக்கோ அணியில் இடம் உண்டு, காத்திருக்கும் இடம் மட்டும் இல்லை. பேக்கப் என்பது ‘இவனை நம்பி வைத்திருக்கிறோம்’ என்று சொல்லும் நாற்காலி. கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு ரொம்ப நாள் அது போடப்படவில்லை. தொடங்கினால் உண்டு, இல்லாவிட்டால் வேறு இடத்துக்கு மாறு.

டக் வில்லியம்ஸ் கதை இன்னும் மோசம். டாம்பா பே அணியை நான்கு சீசனில் மூன்று முறை பிளே-ஆஃபுக்குக் கொண்டுபோனவர். 1982இல் அவர் சம்பளம் 1 லட்சத்து 20 ஆயிரம் டாலர். தொடங்கும் குவார்ட்டர்பேக்குகளிலேயே குறைவு மட்டுமல்ல, லீக்கில் பன்னிரண்டு பேக்கப்கள் அவரைவிட அதிகம் வாங்கினார்கள். 6 லட்சம் கேட்டார். முதலாளி 4 லட்சத்துக்கு மேல் வரவில்லை. வில்லியம்ஸ் போட்டி லீக்குக்குப் போய்விட்டார். அடுத்த சீசனில் டாம்பா 2-14.

அந்த லீக் மூடியதும் 1986இல் வாஷிங்டனுக்கு பேக்கப்பாக வந்தார். முதல் வருடம் முழுக்க எறிந்தது ஒரே ஒரு பாஸ். 1988 ஜனவரி 31 அன்று சூப்பர் பௌல். இரண்டாவது கால்பகுதியில் மட்டும் நான்கு டச்டவுன் பாஸ்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் வாஷிங்டன் எடுத்தது 35 புள்ளிகள். இறுதியில் 42-10. சூப்பர் பௌலைத் தொடங்கிய முதல் கறுப்பின குவார்ட்டர்பேக்கும், ஜெயித்த முதல் ஆளும் அவரே.

அதெல்லாம் பழைய கதை என்று முடித்துவிடலாம் என்றால், 2017 மார்ச் குறுக்கே வருகிறது. அந்த மாதம் சிகாகோ, மைக் கிளெனனுக்கு 3 வருடத்துக்கு 4 கோடியே 50 லட்சம் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அதற்கு முந்தைய இரண்டு சீசன்களில் அவர் எறிந்த பாஸ்கள் மொத்தம் 11. அதே மாதம் காலின் கேப்பர்னிக்கும் சந்தைக்கு வந்தார். ஒரு சூப்பர் பௌலைத் தொடங்கியவர். முந்தைய சீசனில் 16 டச்டவுன், 4 இண்டர்செப்ஷன். போலீஸ் வன்முறைக்கு எதிராகத் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டவர். அவர் ஆடிய அணி தோற்றுக்கொண்டே இருந்தது உண்மைதான். தொடங்கும் இடம் வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். 32 அணிகளில், ஒவ்வொன்றிலும் இருக்கும் அந்த இரண்டாம் நாற்காலியில்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அதன்பிறகு அவர் லீக்கில் ஆடவே இல்லை. 2019இல் லீக் அவரோடு சமரசம் செய்துகொண்டது; தொகையை வெளியே சொல்லவில்லை. ஒவ்வொரு ஒப்பந்தமும் பைசா வரை செய்தியாகும் இந்த விளையாட்டில், அந்த ஒரு தொகை மட்டும் மூடிய உறைக்குள் இருக்கிறது.

ஆடாதவனின் விலையைத் திறமை தீர்மானிப்பதில்லை. திறமையைத்தான் இன்னும் யாரும் பார்க்கவில்லையே. வாங்குகிறவன் அந்தக் காலி இடத்தில் யாரைக் கற்பனை செய்துகொள்ளத் தயாராக இருக்கிறான் என்பதுதான் தீர்மானிக்கிறது. கிளெனனிடம் வருங்காலத்தைக் கற்பனை செய்ய 11 பாஸ்கள் போதுமாக இருந்தன. பிரிஸ்கோவிடம் 14 டச்டவுன்கள் போதவில்லை. இனி ஒவ்வொரு மார்ச்சிலும் புதிய ஒப்பந்தங்களின் தொகைகள் வரும்போது, யாருக்கு எவ்வளவு என்று பார்ப்பதோடு, யாரைக் காத்திருக்க விட்டிருக்கிறார்கள் என்றும் நான் பார்ப்பேன்.