ஃபியூச்சர்ஜென்: ஒரு கணக்குப் பிழையும் 100 கோடி டாலரும்

ஒரு வருடத்துத் தொகையை இன்னொரு வருடத்துத் தொகையோடு அப்படியே ஒப்பிடக் கூடாது என்று பி.காம் முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்து விடுகிறார்கள். பணவீக்கம் என்று ஒன்று இருக்கிறதே! அமெரிக்க எரிசக்தித் துறையில் யாரோ அந்த வகுப்புக்குக் கட் அடித்திருக்க வேண்டும். அதன் விலை என்ன என்பதுதான் ஃபியூச்சர்ஜென் கதை.

நிலக்கரியை எரித்தால் கரியமில வாயு வரும். அதைப் புகைபோக்கி வழியே காற்றில் விடாமல் தனியாகப் பிரித்து, அழுத்தி, பூமிக்கு அடியில் ஆழத்தில் உள்ள உப்புநீர்ப் பாறைகளுக்குள் செலுத்தி மூடிவிட முடியும். முடியும்தான், ஆனால் யார் செய்வார்கள்? இப்படிப் புதைப்பதால் கம்பெனிக்கு ஒரு பைசா வருமானம் கிடையாது. செலவு மட்டும்தான். லாபம் ஊருக்கு, செலவு எனக்கு என்றால் எந்த முதலாளி வருவார்? அதனால்தான் எல்லா நாட்டிலும் இந்தத் தொழில்நுட்பம் அரசாங்கத்தின் கஜானாவைப் பார்த்துக் கொண்டு நிற்கிறது.

2003 பிப்ரவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் அரசு ஃபியூச்சர்ஜென் திட்டத்தை அறிவித்தது. நிலக்கரியை நேரடியாக எரிக்காமல் முதலில் வாயுவாக்கி, ஹைட்ரஜனைப் பிரித்து 275 மெகாவாட் மின்சாரம் தயாரிப்பது, கரியமில வாயுவை மண்ணுக்குள் அனுப்புவது என்பது திட்டம். செலவு சுமார் 100 கோடி டாலர். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு அரசு தரும், மீதியை நிலக்கரி, மின்சாரக் கம்பெனிகள் சேர்ந்து அமைத்த கூட்டணி போடும். 2006ல் இந்தியாவும் இதில் கூட்டாளியாகச் சேர்ந்து 1 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. தென் கொரியாவும் வந்தது. மின்சாரத்துக்குப் பெரும்பாலும் நிலக்கரியையே நம்பியிருக்கும் நம் நாட்டுக்கு இதில் அக்கறை வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆலையை எங்கே கட்டுவது என்பதில் ஊர்களுக்குள் பெரிய போட்டி. கடைசிச் சுற்றில் நான்கு ஊர்கள். இரண்டு இல்லினாய்ஸ் மாநிலத்தில், இரண்டு டெக்சாஸில். 2007 டிசம்பர் 18 அன்று, இல்லினாய்ஸில் உள்ள மட்டூன் என்ற சுமார் 18,000 பேர் வாழும் சிற்றூர் ஜெயித்ததாகக் கூட்டணி அறிவித்தது. இத்தனைக்கும் அறிவிப்பைத் தள்ளிப் போடச் சொல்லி எரிசக்தித் துறை கேட்டிருந்தது. மட்டூனில் ஒரே கொண்டாட்டம். வேலை வரும், கடைகள் வரும், ஊர் பெயர் உலகம் முழுக்கத் தெரியும்...

ஆறே வாரம்தான். 2008 ஜனவரி கடைசியில் எரிசக்தித் துறைச் செயலர் சாமுவேல் பாட்மன் திட்டத்தைக் கைவிட்டார். செலவு ஏறக்குறைய இருமடங்காகி 180 கோடி டாலருக்குப் போய்விட்டது என்பது முக்கியக் காரணம். ஒரே ஆலைக்குப் பதிலாகப் பல ஆலைகளில் வாயுவைப் பிடிக்கும் பகுதிக்கு மட்டும் பணம் தரலாம் என்று புதுத் திட்டமும் சொன்னார்கள். டெக்சாஸ்காரரான புஷ், டெக்சாஸ் தோற்றதும் கதவைச் சாத்திவிட்டார் என்று இல்லினாய்ஸில் பலர் கொதித்தார்கள். அந்தச் சந்தேகம் உண்மையோ இல்லையோ, அதைவிடச் சுவாரஸ்யமான விஷயம் ஒரு வருடம் கழித்து வெளியே வந்தது.

2009ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு கணக்கைப் பிரித்துப் பார்த்தது. பழைய மதிப்பீடான 95 கோடி டாலர் என்பது 2004ஆம் ஆண்டின் நிலையான விலையில் போட்டது. புதிய 180 கோடியோ 2017 வரைக்குமான விலைவாசி உயர்வையும் சேர்த்துப் போட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "டபுள் ஆகிவிட்டது" என்று சொல்லியிருக்கிறார்கள்! இரண்டையும் ஒரே வருட விலைக்குக் கொண்டு வந்தால் உயர்வு 39 சதவீதம்தான், அதாவது சுமார் 130 கோடி டாலர்.

வீடு கட்ட இன்றைய சிமெண்ட் விலையில் ஒரு எஸ்டிமேட் வாங்குகிறீர்கள். பிறகு பத்து வருட விலை உயர்வைச் சேர்த்து இன்னொரு எஸ்டிமேட் வாங்கி, மேஸ்திரி ஏமாற்றிவிட்டார் என்று கத்தினால் எப்படி இருக்கும்? அதேதான். 39 சதவீதமும் சின்ன உயர்வு இல்லை, அதற்காகவே நிறுத்தியிருந்தாலும் வாதாடலாம். ஆனால் நிறுத்தியது அந்த எண்ணைப் பார்த்து இல்லையே.

அதற்குள் ஆட்சி மாறிவிட்டது. இல்லினாய்ஸ் செனட்டராக இருந்த ஒபாமா அதிபரானார். பொருளாதார மந்தத்தைச் சமாளிக்க 2009ல் போட்ட ஊக்கச் சட்டத்தில் கார்பன் பிடிப்புக்குப் பணம் கொட்டியது. ஃபியூச்சர்ஜென் உயிர்த்தெழுந்தது, ஆனால் வேறு உருவத்தில். 2010 ஆகஸ்டில் புதிய செயலர் ஸ்டீவன் சூ "ஃபியூச்சர்ஜென் 2.0" என்று அறிவித்தார். புது ஆலை கிடையாது. அதே மாநிலத்தில் மெரடோசியா என்ற இடத்தில் உள்ள பழைய மின்நிலையத்தை மாற்றி அமைப்பார்கள். மட்டூனுக்கு? அங்கிருந்து குழாயில் வரும் வாயுவைப் புதைக்கும் குழி மட்டும்.

மட்டூன் மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். யாருக்கோ வேலை, நமக்கு வாயுவா என்று அவர்கள் நினைத்ததில் தப்பே இல்லை. குழி மெரடோசியா இருக்கும் மோர்கன் கவுன்டிக்கே போனது.

இரண்டாவது முறை கொன்றது கணக்குப் பிழை இல்லை, காலண்டர். ஊக்கச் சட்டப் பணத்தை 2015 செப்டம்பருக்குள் செலவழித்தாக வேண்டும். மந்தத்தை விரட்டப் போட்ட பணம் என்பதால் அப்படி ஒரு கெடு. சாலை போட அது சரி. அனுமதி, வழக்கு, தனியார் கடன் என்று எல்லாம் இழுக்கும் இப்படி ஒரு ஆலைக்கு? 2015 பிப்ரவரியில், இனிமேல் நேரத்துக்கு முடியாது என்று எரிசக்தித் துறை பணத்தை நிறுத்தியது. அதுவரை சுமார் 20 கோடி டாலர் செலவாகியிருந்தது.

அதே தணிக்கை அமைப்பு 2021 டிசம்பரில் இன்னொரு அறிக்கை வெளியிட்டது. எட்டு நிலக்கரித் திட்டங்களுக்கு எரிசக்தித் துறை தந்தது சுமார் 68.4 கோடி டாலர், கட்டி முடித்து ஓடியது ஒன்றே ஒன்று. டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கத்தில் உள்ள பெட்ரா நோவா. அங்கே பிடித்த வாயுவை எண்ணெய்க் கிணற்றுக்குள் செலுத்தி மிச்ச எண்ணெயை எடுத்து விற்றார்கள். 2017ல் தொடங்கி, எண்ணெய் விலை விழுந்ததும் 2020ல் நிறுத்தி, 2023ல் மறுபடி ஓட்டினார்கள்.

இதற்கு நடுவே அமெரிக்க அரசு பணம் தரும் வழியையும் மாற்றிக்கொண்டது. முன்பணமாக மானியம் கொடுப்பதைவிட, புதைத்த ஒவ்வொரு டன்னுக்கும் வரிச்சலுகை. 2008ல் டன்னுக்கு 20 டாலர் என்று ஆரம்பித்தது, 2018 சட்டத்தில் 50 ஆகி, 2022ல் 85 டாலர் ஆனது. புதைக்காவிட்டால் காசு இல்லை. மட்டூன் போன்ற ஊர்கள் போட்டி போட வேண்டியதும் இல்லை, ஏனென்றால் இடத்தைத் தேர்ந்தெடுப்பது இப்போது கம்பெனிகள்தான்.