தொப்பியிலிருந்து நத்தார் மரத்துக்கு வந்த பறவை

இன்று ஒரு சின்னச் சாமானின் வரலாற்றைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் கரையோரத்தில், நத்தார் மரத்தில் தொங்கவிடும் அலங்காரங்களில் ஒரு சிறிய பறவையும் உண்டு. மணல் நிறம், கழுத்தில் கறுப்புப் பட்டி, செம்மஞ்சள் கால். பெயர் பைப்பிங் புளோவர். நம் உப்புக்கொத்தியின் இனம்தான். வருடத்துக்கு ஒன்றாக இப்படியான அலங்காரங்களை வாங்கிச் சேர்ப்பவர்கள் அங்கே பலர்.

அதே நாட்டில் முன்பும் பறவை அலங்காரப் பொருள்தான். ஆனால் செத்த பறவை. 1886இல் ஃபிராங்க் சாப்மன் என்பவர் நியூயோர்க் தெருக்களில் நடந்து பெண்களின் தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளில் 542இல் பறவையோ இறகோ இருந்தது. 1896இல் பொஸ்டனில் ஹரியட் ஹெமன்வே, மின்னா ஹால் என்ற இரு பெண்கள், தேநீருக்கு அழைத்த தோழிகளிடம் 'இனி இறகுத் தொப்பி வேண்டாம்' என்று கேட்டுக்கொண்டார்கள். அது ஓர் இயக்கமாக வளர்ந்தது.

நத்தாரன்று அணி பிரிந்து பறவை சுடும் போட்டியும் அக்காலத்தில் இருந்தது. 1900 நத்தாருக்கு அதே சாப்மன், "சுட வேண்டாம், எண்ணுவோம்" என்றார். 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது.

துப்பாக்கி ஓய்ந்தும் புளோவருக்கு நிம்மதியில்லை. அது வெறும் மணலில் முட்டையிடும். உல்லாசப் பயணிகளும் வாகனங்களும் நாய்களும் கூடுகளை மிதித்தன. 1986இல் மசாசூசெட்ஸில் மிஞ்சியது 150 சோடிக்கும் குறைவு. சட்டப் பாதுகாப்பு வந்தது. கூடுள்ள இடங்களைக் கயிறு கட்டி மறித்தார்கள். ஊரார் சிலர் கோபப்பட்டு, 'புளோவர் கோழி மாதிரி ருசிக்கும்' என்று வாகனங்களில் ஒட்டினார்கள். ஆனாலும் கயிறு அவிழவில்லை. இன்று ஆயிரம் சோடிக்கு மேல்.

இப்போது நம் கரைக்கு வருவோம். மன்னார்ப் பக்கம் மணலில் ஓடித்திரியும் சின்ன உப்புக்கொத்தியை, வெளிநாட்டிலிருந்து வந்துபோகும் பறவையின் ஒரு வகை என்றே நீண்டகாலம் கருதினார்கள். 2023இல் நம் நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த ஆய்வு, அது தனியினம் என்று காட்டியது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் நிரந்தரமாக வாழும் பறவை அது. அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர். அதுவும் வெறும் மணலில்தான் முட்டையிடுகிறது. நம் மோட்டார் சைக்கிளும் கட்டாக்காலி நாயும் அதே மணலில்தான் ஓடுகின்றன.

பறவையைச் சிலையாக்கிக் கொண்டாடுவது சுலபம். அங்கே பறவை மிஞ்சியது, ஊரார் கடற்கரையில் கொஞ்ச இடத்தை விட்டுக்கொடுத்ததால். நாம் எவ்வளவு விட்டுக்கொடுக்கப் போகிறோம்? அடுத்த முறை பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனால், காலடியைப் பார்த்து நடக்கச் சொல்லுவோம்.